ஓடா வட்டின் இயல்பும் அதனை ஓட்டும் நெறியும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

டிவிடி வட்டு கணினிக்குள் இடப்பட்ட பின்னும் படம் காட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் நிலை, தமிழ் ஆய்வுலகில் இதுவரை தனித்துறையாக ஏற்கப்படவில்லை. கல்வெட்டுக்கும் சுவடிக்கும் நாட்டார் தெய்வங்களுக்கும் பல்கலைக்கழகங்களில் இருக்கைகள் போடப்பட்டிருக்க, ஓடா வட்டுக்கு ஒரு முக்காலிகூட ஒதுக்கப்படாததை அறிஞர்களின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவர்கள் வீட்டு வட்டுகள் ஒழுங்காக ஓடியிருக்கலாம் என்ற ஐயத்தையும் அது எழுப்புகிறது. இக்கட்டுரை அக்குறையைச் சிறு பரப்பில் நீக்க முயல்கிறது. கூடலூரில் தொடங்கிக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகத் தேனி வரை முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நிலமும், மலையடிவாரத்தில் ஏலக்காய் மணக்கும் போடிநாயக்கனூரும் இதன் நில எல்லை. திறமூல மென்பொருள், அஃதாவது தன் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருள், இதன் பொருள் எல்லை. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் வட்டு ஓடாவிட்டால் ஏசுவதற்கு ஒரு நிறுவனமாவது கிடைக்கும் என்பதால், அது இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை.

இந்நிலப்பகுதியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பாரதிராஜா அல்லிநகரத்திலும் இளையராஜா பண்ணைப்புரத்திலும் பிறந்து, வைரமுத்து வடுகபட்டியில் வளர்ந்த ஒரு மாவட்டத்தில், படம் ஓடவில்லை என்பது பிற ஊர்களில்போல வெறும் தொல்லையாகக் கொள்ளப்படுவதில்லை. அது ஊர்ப் பெருமையின்மேல் விழுந்த கீறலாகவும் கொள்ளப்படுகிறது. காலப் பொருத்தமும் வலுவானது. மதுரை மாவட்டத்திலிருந்து தேனி பிரிக்கப்பட்டது 1996இல். ஜப்பானில் முதல் டிவிடி பிளேயர்கள் கடைக்கு வந்ததும் அதே ஆண்டின் நவம்பரில். அவ்வட்டுகளுக்கான பூட்டு முறை நடைமுறைக்கு வந்ததும், பாரிஸை அடுத்து அப்போது இயங்கிய எகோல் சென்ட்ரால் என்னும் பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் பிற்காலத்தில் அப்பூட்டோடு மல்லுக்கட்டப்போகும் வீடியோலேன் திட்டத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஒரே ஆண்டில் நிகழ்ந்த இந்நான்கையும் தற்செயல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் எளியதைச் செய்வதற்காக ஆய்வாளர்கள் ஊதியம் பெறுவதில்லை.

அம்மாணவர்கள் தம் விடுதிக்கு வேகமான வலைப்பின்னல் வேண்டும் என்பதற்காகவே, செயற்கைக்கோள் தொலைக்காட்சியை அறைதோறும் கொண்டுசேர்க்கும் ஒரு திட்டத்தைக் காரணமாகக் காட்டினர் என்பது வரலாறு. அத்திட்டம் 2001 பிப்ரவரி 1 அன்று குனூ பொது உரிமத்தின்கீழ் பொதுவுடைமையாகி, விஎல்சி என்னும் இயக்கியாக உலகெங்கும் பரவியது. அதன் சின்னமான ஆரஞ்சுக் கூம்பு, சாலைப் பணி நடக்கும் இடங்களில் வைக்கப்படும் கூம்பேயாகும். அம்மாணவர்கள் அவற்றைச் சேர்த்துவைத்திருந்தனர் என்பர். குமுளி மலைச்சாலையில் மண்சரிவு நீக்கும் இடத்தில் நிற்கும் கூம்பைக் காணும் கம்பத்துச் சிறுவர்கள் அதைக் கணினியில் உள்ள படம் ஓட்டும் பொருள் என்று அடையாளம் காண்பதில் வியப்பில்லை. இரண்டு இடத்திலும் அது தரும் செய்தி ஒன்றே: சற்றுப் பொறுத்துச் செல்லவும்.

பள்ளத்தாக்கில் வட்டுக்கு முந்திய காலம், டெக் எனப்பட்ட வீடியோ நாடா இயக்கியின் காலம். திருவிழாவுக்கும் சடங்கு வீட்டுக்கும் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த தலைமுறைக்கு, நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிச் சுற்றினால் போதும் என்ற கைவைத்தியம் தெரிந்திருந்தது. அடுத்து வந்த விசிடியில் ஒரு வட்டுக்கு 74 நிமிடமே அடங்கியதால், தமிழ்ப் படம் இரண்டாகவோ மூன்றாகவோ பிளக்கப்பட்டு, இடைவேளை இயக்குநர் வைத்த இடத்தில் வராமல் வட்டு தீர்ந்த இடத்தில் வந்தது. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியதும், 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியதும் சேர்ந்து, அதுவரை வாடகைப் பொருளாக இருந்த சினிமாவை வீட்டு அலமாரிப் பொருளாக்கின. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் மூன்றாவது மாற்றம். அக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் மையம் டெபியன் என்னும் திறமூல இயங்குதளத்தை அடியொற்றி உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. பள்ளத்தாக்கில் திறமூல மென்பொருளும் டிவிடியும் நேருக்கு நேர் சந்தித்த களம் இதுவே. ஓடா வட்டு என்னும் நிகழ்வு முழு வடிவம் பெற்றதும் இக்களத்தில்தான்.

அந்நிகழ்வை விளக்க மக்களிடையே வழங்கும் கொள்கைகள் மூன்று. முதலாவது துடைப்புவாதம்: எக்குறையும் வட்டின் அழுக்கினால் வருவது, எனவே துடைத்தால் தீரும் என்பது. இரண்டாவது மறுதொடக்கவாதம்: கணினியை அணைத்துப் போட்டால் சரியாகும் என்பது. மூன்றாவது, வட்டைக் கொடுத்தவரே குற்றவாளி என்னும் ஆள்வாதம். இவற்றுள் முதலாவதே தொன்மையும் பரவலும் மிக்கது. உத்தமபாளையத்துக் கணினிப் பழுதுக் கடையொன்றில் நடக்கும் வழக்கமான உரையாடலைக் கொண்டு இதை அறியலாம். வந்தவர், "அண்ணே, நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுண்ணே" என்கிறார். கடைக்காரர் வட்டை வாங்கி, வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதி, சட்டை நுனியால் வட்டமாக நான்கு சுற்றுத் துடைத்து, டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்து, "வேற சிடி போட்டா ஓடுதா தம்பி?" என்று கேட்கிறார். "ஓடுதுண்ணே, ஆனா அது திருட்டு சிடி." இவ்வுரையாடலின் கடைசி வரியில் இக்கட்டுரையின் கருதுகோள் முழுவதும் அடங்கியிருப்பினும், முறைப்படி துடைப்புவாதத்தை முதலில் தீர்த்துவிட்டு மேலே செல்வதே ஆய்வு நெறி.

டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளை ஒட்டிச் செய்த வட்டு. அதில் தரவு ஒரே சுருள் தடமாக உள்ளிருந்து வெளிநோக்கிச் செல்கிறது. தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், அதைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர். கீறலும் தூசும் இருக்கத்தான் செய்யும் என்பதைப் படைத்தோர் அறிந்திருந்தமையால், இழந்த பகுதியைச் சுற்றியுள்ள பகுதிகளிலிருந்து கணக்கிட்டு மீட்கும் பிழைதிருத்தக் குறிகளையும் உடன் எழுதிவைத்தனர்; தடத்தின் நீளவாட்டில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் வரை அழிந்தாலும் படம் தடையின்றி ஓடும். இதிலிருந்து பெறப்படுவது என்னவெனில், மையத்திலிருந்து விளிம்பு நோக்கி விழும் கீறல் ஒவ்வொரு தடத்தையும் ஒரு நூலிழை அகலத்துக்கே வெட்டுவதால் மன்னிக்கப்படும். வட்டத்தோடு வட்டமாக விழும் கீறலோ ஒரே தடத்தை நெடுந்தூரம் அழிப்பதால் மன்னிக்கப்படாது. எனவே வட்டமாகத் துடைப்பது, நோயை நோயாளிக்கு ஊட்டிவிடும் செயலாகும். மையத்திலிருந்து வெளியே நேர்கோட்டில், மெல்லிய பருத்தித் துணியால் துடைப்பதே முறை. ஆறேழு கழுவல் கண்ட பழைய வேட்டி இதற்கு மிகவும் ஏற்றது. புதிய வேட்டியின் கஞ்சி ஏற்றதன்று. பற்பசை தடவுவோரும் உளர். அது மெல்ல உராய்ந்து மேற்பரப்பின் கீறலைச் சமன்செய்யும் என்ற அளவில் முற்றிலும் மூடநம்பிக்கையன்று. எனினும் அதை வட்டமாகத் தேய்ப்போரைப் பற்றி மேலே சொன்னதே இங்கும் பொருந்தும். திருநீறு பூசுவோரின் நிலை சமய ஆராய்ச்சிக்கு உரியது.

துடைத்தும் ஓடாத வட்டினுள் என்ன இருக்கிறது என்று கோப்பு மேலாளரைத் திறந்து பார்ப்போர் இரண்டு அடைவுகளைக் காண்பர்: வீடியோ_டிஎஸ், ஆடியோ_டிஎஸ். இரண்டாவதைத் திறந்ததும் அது வெறுமையாக இருக்கக் கண்டு, "பாட்டெல்லாம் போச்சு" என்று கலங்குவது பள்ளத்தாக்கெங்கும் காணப்படும் மெய்ப்பாடு. கலங்க வேண்டா. அந்த அடைவு டிவிடி-ஆடியோ என்னும் வேறொரு வடிவத்துக்காக ஒதுக்கப்பட்டது. திரைப்பட வட்டில் அது காலியாக இருப்பதே இயல்பு. படமும் பாட்டும் வசனமும் வீடியோ_டிஎஸ் அடைவில் விஓபி என்னும் கோப்புகளில், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாமல் துண்டு துண்டாக இருக்கும். எத்துண்டுக்குப் பின் எத்துண்டு என்று சொல்லும் ஐஎஃப்ஓ கோப்பும், அது கெட்டால் உதவும் அதன் நகலான பியுபி கோப்பும் உடனிருக்கும். வட்டின் முகப்புப் பட்டியலே சிக்கலாகி, "படத்தைப் பார்க்க" என்ற சொல்லை அழுத்த அழுத்த மீண்டும் நிறுவன முத்திரைக்கே திரும்பும் வட்டுகளுக்கு, விஎல்சியின் 'வட்டைத் திற' சாளரத்தில் 'வட்டுப் பட்டியல் வேண்டா' என்னும் கட்டத்தைக் குறித்தால், அம்முகப்பைத் தாண்டி நேரே படத்துக்குள் நுழையலாம். விளம்பரம் முடிந்தபின் தியேட்டருக்குள் போகும் கலையை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

இனி, திருட்டு சிடி ஓடுவதும் விலைகொடுத்து வாங்கியது ஓடாததும் ஏன் என்னும் மையக் கேள்வி. நிறுவனங்கள் வெளியிடும் வட்டுகள் பலவற்றில் சிஎஸ்எஸ் என்னும் குறியாக்கம் உண்டு. படத் தரவு பூட்டப்பட்டிருக்கும். பூட்டைத் திறக்கும் சாவி வட்டிலேயே மறைத்து எழுதப்பட்டிருக்கும். அச்சாவியைத் திறக்கும் இன்னொரு சாவி, உரிமக் கட்டணம் செலுத்தி இரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்ட பிளேயர் நிறுவனங்களிடம் இருக்கும். திறமூல மென்பொருளுக்கோ இரகசியம் என்பதே பிறப்பிலேயே விலக்கு. தன் நிரலின் ஒவ்வொரு வரியையும் உலகுக்குக் காட்ட வேண்டிய ஒன்று, சாவியை எங்கே ஒளித்துவைக்கும்? ஆகவே பாஸ் லினக்ஸிலோ உபுண்டு லினக்ஸிலோ விஎல்சி படத்தைத் திறக்க மறுத்து, உள்ளீட்டைத் திறக்க இயலவில்லை என்று சிவப்பு வட்டமிட்டு அறிவிக்கும்போது, அது தன் இயலாமையை அறிவிக்கவில்லை. வட்டை விற்றவர் போட்ட பூட்டை அறிவிக்கிறது. கடையில் பில் போட்டு வாங்கியவருக்கே அந்தப் பூட்டு. பூட்டை உடைத்து நகலெடுத்தவன் விற்கும் வட்டில் பூட்டு இராது என்பதால் அது முதல் சுற்றிலேயே ஓடும். 2004இல் தமிழகம் வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்த பின்னும், தொழில்நுட்ப அடிப்படையில் சின்னமனூர்ச் சந்தைத் திருட்டு வட்டே திறமூல மென்பொருளின் கொள்கைக்கு நெருக்கமாக இருந்தது என்பது இத்துறையின் தலையாய முரண்.

அப்பூட்டின் வலிமை குறித்தும் ஒரு சொல். அதன் சாவி 40 பிட் நீளமுள்ளது. எண்ணிக்கையில் ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி சாவிகள். 1999 இலையுதிர் காலத்தில் நார்வே நாட்டுப் பதின்பருவத்துப் பையன் யோன் லெக் யொஹான்சன், பெயர் வெளியிடாத வேறு சிலருடன் சேர்ந்து, இப்பூட்டைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் என்னும் நிரலை வெளியிட்டான். உரிமம் பெற்ற ஒரு பிளேயர் மென்பொருள் தன் சாவியைச் சரியாக மூடிவைக்காமல் விட்டிருந்தது என்பதே அதற்கு வழிவகுத்தது. அடுத்த சில வாரங்களில் ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்பவர் இக்குறியாக்கத்தின் கணித ஓட்டைகளை வெளிக்காட்டி, லட்சம் கோடி முயற்சிகள் வேண்டா, சில கோடி முயற்சிகளே போதும் என்று நிறுவினார். யொஹான்சன்மேல் வழக்குத் தொடரப்பட்டு, 2003 ஜனவரியிலும் மேல்முறையீட்டில் அவ்வாண்டு டிசம்பரிலும் விடுவிக்கப்பட்டார். தாம் வாங்கிய வட்டைத் தாம் பார்ப்பது குற்றமன்று என்பதே அதன் சாரம். இடைப்பட்ட காலத்தில் அந்நிரலைப் பரப்புவது அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டபோது, ஃபில் கார்மோடி என்பவர் 2001இல் அந்நிரலின் சுருக்க வடிவத்தையே தன்னுள் கொண்ட ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார். ஓர் எண்ணைச் சொல்வதே குற்றமாகுமா என்று சட்ட வல்லுநர்கள் தலையைச் சொறிந்தனர். எண்ணும் எழுத்தும் கண்ணெனக் கற்பிக்கப்பட்ட தமிழ் மாணவர்க்கு இவ்வழக்கு நம்ப இயலாததாகத் தோன்றலாம்.

வீடியோலேன் குழு அளிக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்னும் நிரலகம் இப்பணியையே செய்கிறது. நிரலகம் என்பது தனியே இயங்காமல் பிற மென்பொருள்கள் அழைத்துப் பயன்படுத்தும் துணை நிரல். சுவீடனில் பிறந்த ஓகிள் இயக்கி விட்டுச்சென்ற லிப்டிவிடிரீட், சைன் இயக்கியின் வழிவந்த லிப்டிவிடிநேவ், இவற்றோடு இந்நிரலகம் மூன்றாவதாகச் சேர்ந்தால்தான் வட்டு முழுமையாக வாய்திறக்கும். முதலிரண்டும் லினக்ஸ் தொகுப்புகளிலேயே வரும். மூன்றாவதைச் சட்ட அச்சத்தால் பெரும்பாலான தொகுப்புகள் சேர்ப்பதில்லை. டெபியனும் உபுண்டுவும் கண்டுபிடித்த தந்திரம் பாராட்டுக்குரியது: லிப்டிவிடி-பிகேஜி என்னும் பொதியை நிறுவினால், அது பூட்டுத் திறக்கும் நிரலகத்தைத் தராது, அதன் மூலநிரலை இணையத்திலிருந்து இறக்கி, பயனரின் கணினியிலேயே தொகுத்துத் தரும் ஏற்பாட்டை மட்டும் தரும். சமைத்த குற்றம் பயனர் அடுப்பைச் சேரும். நிறுவிய பின் டிபிகேஜி-ரீகான்ஃபிகர் என்னும் இரண்டாம் கட்டளையையும் இடவேண்டியிருக்கும். அதை மறந்துவிட்டு, நிறுவியும் ஓடவில்லை என்று மீண்டும் துடைப்புவாதத்துக்குத் திரும்புவோர் பலர். இந்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை, 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது என்பதால், தன் வீட்டுத் திண்ணையில் தான் வாங்கிய படத்தைப் பார்ப்பவர் அச்சப்பட வேண்டிய இடம் குறைவு.

பூட்டைத் திறந்தும் ஓடாத வட்டு மண்டலக் குறையுடையது. திரைப்பட நிறுவனங்கள் உலகை ஆறு மண்டலங்களாகப் பங்கிட்டு, ஒரு மண்டலத்து வட்டு இன்னொரு மண்டலத்து இயந்திரத்தில் ஓடாதவாறு குறியிட்டன. அமெரிக்கா 1, ஐரோப்பாவும் வளைகுடா நாடுகளும் ஜப்பானும் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, ஆஸ்திரேலியா 4, சீனா 6. இந்தியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியோடும் ரஷ்யாவோடும் 5இல் சேர்க்கப்பட்டது. மீட்டர் கேஜில் ஓடிய மதுரை–போடி ரயில், 2010 இறுதியில் அகலப் பாதைக்காக நிறுத்தப்பட்டு, தேனிக்கு 2022இலும் போடிக்கு 2023இலும் மீண்டு வரும்வரை, ஊரில் நிலையம் இருந்தும் வண்டி வராத நிலையைக் கண்ட மக்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. சக்கரமும் தண்டவாளமும் குறையற்றவையாக இருந்தாலும் அகலம் ஒவ்வாவிட்டால் பயணமில்லை. வேறுபாடு யாதெனில், ரயில்வே அதை மாற்ற நினைத்தது, திரைப்பட நிறுவனங்கள் அதை நிலைநிறுத்த நினைத்தன.

2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த டிரைவுகளில் மண்டல எண்ணை ஐந்து முறை மட்டுமே மாற்றலாம். ஐந்தாவதற்குப் பின் அது நிலைத்துவிடும். துபாயிலிருந்து வரும் சித்தப்பா கொண்டுவந்த வட்டுக்காக ஒரு முறை, பின் உள்ளூர் வட்டுக்காக ஒரு முறை, சிங்கப்பூர் மாமா வந்தபோது ஒரு முறை, அவர் போனபின் ஒரு முறை என்று மாற்றிய குடும்பத்துக்கு எஞ்சுவது ஒன்றே ஒன்று. அடுத்த முறை யார் வருவார் என்று எதிர்பார்த்து அதைச் சேமித்துவைப்பது நல்லது. திறமூல உலகில் இதற்கும் ஒரு வழி உண்டு: மண்டலம் ஒவ்வாதபோது டிரைவ் சாவியைத் தர மறுத்தாலும், லிப்டிவிடிசிஎஸ்எஸ் பூட்டிய தரவையே கணக்கிட்டுச் சாவியைத் தானே வருவித்துக்கொள்ளும். ஆயினும் சில டிரைவுகள் பூட்டிய தரவைக்கூடத் தர மறுப்பதுண்டு. அவற்றிடம் மன்றாடிப் பயனில்லை, மண்டல எண்ணை மாற்றியே ஆகவேண்டும். லண்டன், கோலாலம்பூர்த் தமிழர்களுக்காக வெளியான தமிழ்ப்பட வட்டுகள் பல எல்லா மண்டலத்துக்கும் பொதுவாகவே வந்தன என்பதை இங்கே நன்றியுடன் குறிக்க வேண்டும்.

ஓடத் தொடங்கிய வட்டிலும் குறைகள் உண்டு. நாயகன் ஓடும்போது அவன் மீசை சீப்புப் பற்களைப்போலக் கோடுகோடாகக் கிழிவது, ஒற்றை வரிசைக் கோடுகளையும் இரட்டை வரிசைக் கோடுகளையும் மாறிமாறித் தீட்டும் பழைய டிவி முறையின் எச்சம். விஎல்சியில் டி விசையை அழுத்தினால் நீங்கும். பாட்டுக்குக் கதவு அதிர்வதும் வசனத்துக்குக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருப்பதும், ஆறு ஒலிபெருக்கிகளுக்கான ஒலியை இரண்டில் கேட்பதால். வசனம் நடு ஒலிபெருக்கிக்கு உரியது, அது வீட்டில் இல்லை. ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றினால் நாயகி பேசுவது கேட்கும். இவை சில்லறைக் குறைகள்.

சில்லறை என்று தள்ள முடியாத குறை ஒன்றுண்டு. பண்ணைப்புரத்தை உள்ளடக்கிய ஆய்வு அதைத் தவிர்ப்பது அறமாகாது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்படுகிறது; இந்தியத் தொலைக்காட்சி முறையான பிஏஎல்லில் நொடிக்கு 25 சட்டங்கள். இம்முறையில் வட்டு செய்வோர் பெரும்பாலும் படத்தைச் சற்று விரைவாக ஓட்டிவிட்டுப் பணியை முடித்துக்கொள்வர். 150 நிமிடப் படம் 144 நிமிடமாகும்; ஆறு நிமிடம் லாபம் என்று வீட்டார் மகிழலாம். ஆனால் ஒலியின் சுருதி ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் ஏறிவிடும். அதைத் தனியே திருத்தாத வட்டில், தேனிக்காரர் ஒருவர் பிறந்த மண்ணிலேயே அவர் பாட்டு அவர் வைத்த சுருதியில் கேட்பதில்லை. அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் வந்த வட்டில் இக்குறை இராது. ஆகவே அதே படத்தின் இரண்டு வட்டுகளை வைத்துக்கொண்டு, எது மூலச் சுருதி என்று ஆர்மோனியத்தோடு வாதிடும் இருவரும் தத்தம் அளவில் நேர்மையானவர்களே. விஎல்சியில் வேகத்தை 0.96 ஆக்கி, ஒலி விருப்பங்களில் 'ஒலியை நீட்டும்' வசதியை நீக்கினால், வேகத்தோடு சுருதியும் இறங்கித் தன்னிடம் சேரும். இந்த ஒரு திருத்தம் மூடிய நிறுவனப் பிளேயர்கள் பலவற்றில் கிட்டாது. திறமூல மென்பொருளுக்குப் பள்ளத்தாக்கு கடன்பட்டிருக்கும் இடம் இது.

இதுவரை சொன்னவை அனைத்தும் கடை வட்டுகளைப் பற்றியவை. ஆனால் பள்ளத்தாக்கின் பீரோக்களில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பத்திரப்படுத்தப்பட்டுள்ள வட்டு அவற்றினின்றும் வேறு. அது கல்யாண சிடி. மணமக்கள் இதய வடிவத்துக்குள் நிற்கும் உறையுடன், வீடியோக்காரர் மூன்று மாதம் அலையவிட்டுக் கொடுத்த அவ்வட்டில் பூட்டும் இல்லை, மண்டலமும் இல்லை. எல்லார்க்கும் திறந்திருக்கும் அவ்வட்டே விரைவில் அழிவதும் ஆகும். கடை வட்டில் தரவு அச்சில் அழுத்திய பள்ளங்களாக இருக்க, இதில் கரிமச் சாயப் படலத்தை லேசரால் சுட்டு எழுதப்பட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் ஓட்டுக்கடியில் வைத்த பெட்டியின் வெப்பமும், சன்னலோர வெளிச்சமும் அச்சாயத்தை மெல்லத் தின்னும். உறைக்குப் பொருத்தமாக வட்டின்மேல் ஒட்டிய காகித முத்திரை எடையைச் சாய்த்து, சுற்றும்போது வட்டை நடுங்கவைக்கும். வட்டை எழுதி முடித்தபின் இறுதிசெய்தல் என்னும் கடைசிப் படியை, அஃதாவது எங்கிருந்து எதுவரை என்ன இருக்கிறது என்னும் முன்னுரையை எழுதி மூடுவதை, அவசரத்தில் விட்டிருந்தால், அது எழுதிய டிரைவில் ஓடி, பிற டிரைவுகளில் வெற்று வட்டாகக் காட்சியளிக்கும். "என் கம்ப்யூட்டர்ல ஓடுச்சே" என்று வீடியோக்காரர் சத்தியம் செய்வது பெரும்பாலும் உண்மையே.

தடம் உள்ளிருந்து வெளியே செல்கிறது என்று முன்னர்க் கூறப்பட்டது. கல்யாணம் நடந்த வரிசையிலேயே பதியப்படுவதால், பெண்ணழைப்பும் முகூர்த்தமும் மையத்தருகே அமைய, தாய்மாமன் சீரும் பந்தியும் மொய் எழுதும் காட்சியும் வெளிவிளிம்பை அடைகின்றன. விரல்பட்டு அழுக்காவதும், கீழே விழுந்தால் அடிபடுவதும், காற்றும் ஈரமும் முதலில் புகுவதும் விளிம்பே. எனவே ஆண்டுகள் செல்லச் செல்ல, தாலி கட்டும் காட்சி தெளிவாகவும், தாய்மாமன் சீர் கட்டம் கட்டமாகச் சிதறியும் தெரியும். படம் எப்போதும் மாமன் தட்டெடுத்து வரும் இடத்திலேயே நிற்பதைக் கண்டு, மாமன் வீட்டார்க்கும் பங்காளிகளுக்கும் இடையே எழும் மனக்கசப்பு இயற்பியல் அடிப்படையற்றது என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

இவ்வட்டுக்குச் செய்யத்தக்கது ஓட்டுவதன்று, படியெடுப்பது. டிடிரெஸ்க்யூ என்னும் குனூ மென்பொருள் வட்டை 2,048 பைட் கொண்ட பிரிவுகளாகப் படித்து, படிக்க முடிந்தவற்றை முதலில் எடுத்துவைத்து, முடியாதவற்றைக் குறித்துக்கொண்டு, பின்னர் அவற்றிடம் மீண்டும் மீண்டும் வரும். பிற மென்பொருள்கள் முதற்பிழையிலேயே கைவிரிக்க, இது விட்ட இடத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பதால், மின்தடை வந்தாலும் மறுநாள் தொடரலாம். வேறு டிரைவில் இட்டு விடுபட்டதை மட்டும் நிரப்பவும் செய்யலாம், ஏனெனில் ஒரு டிரைவ் படிக்க மறுத்ததை இன்னொன்று படிப்பது வழக்கம். இப்படிக் கிடைத்த ஐஎஸ்ஓ கோப்பை விஎல்சியோ கோடி என்னும் இயக்கியோ வட்டாகவே பாவித்து ஓட்டும். பிள்ளைகளின் கல்யாணத்துக்கு முன் பெற்றோரின் கல்யாணத்தைப் படியெடுத்துவிடுவது நலம். வீடியோக்காரரிடம் மூலப்பதிவு இருக்கும் என்று நம்பியிருப்போர், அவர் வன்தட்டு அதன்பின் எத்தனை சீசன் கண்டது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் முதலில் ஒரு டிரைவ் வேண்டும். புதிய மடிக்கணினிகளில் அது இல்லாமையால், யுஎஸ்பி வழி இணைக்கும் புறடிரைவ் தெருவுக்கு ஒன்றாக வீடுவீடாகப் பயணிக்கிறது. பழைய யுஎஸ்பி முனை ஒன்று 500 மில்லிஆம்பியர் மின்னோட்டமே தரும். வட்டைச் சுழற்றித் தொடங்கும் கணத்தில் டிரைவுக்கு அது போதாது. அப்போது விளக்கு மினுங்கும், வட்டு சர்ரென்று கிளம்பும், டக்கென்று நிற்கும், மீண்டும் கிளம்பும். மென்பொருளின் செய்திச் சாளரத்திலோ டிரைவ் காணப்படவில்லை என்ற ஒரு வரி மட்டும் தெரியும். இதனாலேயே அதன் பெட்டியில் ஒரு முனையில் டிரைவையும் மறுமுனையில் இரண்டு யுஎஸ்பிகளையும் பற்றும் கிளைக் கேபிள் வைக்கப்பட்டிருக்கிறது. நிரலகத்தை நிறுவி, மண்டலத்தைச் சீராக்கி, வட்டை மையத்திலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்த பின்னும் படம் வராதபோது, முன்பு டிரைவை இரவல் வாங்கிச் சென்ற மதனி வீட்டுக்குப் போய், "அந்த ரெண்டு தலை ஒயரு இங்கன இருக்கா?" என்று கேட்டுவரலாம். அது பெரும்பாலும் அங்கே செல்போன் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்.